டக்கு அக்காவின் வலது கை

எங்கள் கடையில் டிகிரிக் குறி வேண்டுமென்றால் என் அக்காவைத்தான் கூப்பிட வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் உயரே நிற்கும் அந்தக் குட்டி வட்டம், அரையைக் காட்டும் ½, கூட்டலும் கழித்தலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த ±, வால் முளைத்த மைக்ரோக் குறி µ, இதெல்லாம் விசைப்பலகையில் எங்கே இருக்கிறது என்று தலைகீழாக நின்று தேடினாலும் கிடைக்காது. இருந்தால்தானே கிடைக்கும்! இடது கைக் கட்டைவிரலால் ஆல்ட் விசையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது ஓரத்தில் தனிக்குடித்தனம் நடத்தும் எண்கட்டத்தில் ஏதோ நாலு எண்ணை டகடகவென்று தட்டிவிட்டு ஆல்ட்டை விட வேண்டும். திரையில் குறி வந்து குதிக்கும். நான் தட்டினால் வேறு ஏதாவது குதிக்கும். அக்கா தட்டினால் கேட்டது குதிக்கும். அதனால் கடையில் அவள் பெயர் டக்கு. முதலாளியம்மாவே அப்படித்தான் கூப்பிடுவார்.

ஸ்டிக்கர் அச்சடிக்கும் கடை எங்களுடையது. அதாவது கடை முதலாளியம்மாவுடையது, வேலை எங்களுடையது. முன் அறையில் அவருடைய மேஜை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, கண்ணாடி அலமாரி நிறைய மாதிரி ஸ்டிக்கர்கள். பின் அறையில் அக்காவின் கணினி, அச்சு இயந்திரம், அதை ஒட்டி என்னுடைய வெட்டும் இயந்திரம். அக்கா அடிப்பாள், அது அச்சாகி வரும், நான் வெட்டிச் சுருட்டுவேன். ஷாம்பு பாட்டில், ஜாம் பாட்டில், கேக் டப்பா, ஆய்வுக்கூடத்து அமில பாட்டில் என்று எதைத் திருப்பிப் பார்த்தாலும் எங்கள் கைவண்ணம்தான். நாளெல்லாம் பசை வாசனையிலேயே இருந்து எனக்கு மூக்கு மரத்துவிட்டது. அக்காவுக்கு வாய் மட்டும் மரக்கவே இல்லை.

அக்கா அடிக்கும் லேபிள் மென்பொருள் ஒரு கிழடு. வெளியிலிருந்து எதையாவது நகலெடுத்து ஒட்டினால் வெறும் கட்டத்தைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்கும். அதன் எழுத்துரு ஊரோடு ஒத்து வாழாத ரகம். உலகத்துக்கெல்லாம் டிகிரிக்கு ஒரு எண் என்றால் இதற்கு வேறு எண். முடிந்த வேலையைப் படமாகத்தான் சேமிக்கும், அதிலிருந்து ஒரு புள்ளியைக்கூடக் கிள்ளி எடுக்க முடியாது. அதைச் செய்து விற்ற கம்பெனி எப்போதோ மூடிவிட்டுப் போய்விட்டது. ஆனால் எங்கள் அச்சு இயந்திரம் அதன் பேச்சை மட்டும்தான் கேட்கும்.

ஒருநாள் சும்மா கேட்டேன்.

“அக்கா, டிகிரிக்கு என்ன நம்பர்?”

அக்கா கையை மேஜைமேல் வைத்துத் தட்டினாள். தட்டின கையையே பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

“கீழ ஒண்ணு… அப்புறம் மேல போய்… இரு இரு. நீ கேட்டா வர மாட்டேங்குது.”

“நம்பர் தெரியாமயா இவ்வளவு வருஷமா அடிக்கிற?”

“எனக்குத் தெரியாது. கைக்குத் தெரியும். வாய் எங்க இருக்குன்னு பாத்துப் பாத்தா சாப்பிடுற?”

அந்தக் கையால் அவள் பட்ட பாடும் கொஞ்சமில்லை. விசைப்பலகையின் எண்கட்டத்தில் ஏழு, எட்டு, ஒன்பதுதான் மேல் வரிசை. போனிலும் கதவுப் பூட்டிலும் ஒன்று, இரண்டு, மூன்று மேலே இருக்கும். இந்த வித்தியாசம் அக்காவின் விரலுக்கு ஏறவே இல்லை. அவள் குடியிருக்கும் அடுக்குமாடி வாசலில் எண் பூட்டு வைத்தார்களா, வந்தது வினை. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து தட்டுவாள். பூட்டு கீச்சென்று கத்தும். மறுபடி தட்டுவாள். மறுபடி கத்தும். சத்தம் கேட்டு மாமா மாடியிலிருந்து இறங்கி வருவார். கதவைத் திறப்பார், பையை வாங்கிக்கொள்வார், முன்னால் ஏறிப் போவார். அக்கா பின்னாலேயே கடைக்கதை முழுவதையும் சொல்லிக்கொண்டே படியேறுவாள்.

மாமா என்றது அக்கா புருஷனை. அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் மூன்று வார்த்தையை நான்தான் போட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று: “ம்.” வாஷிங் மெஷின் மெக்கானிக். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டே திருகாணியைக் கழற்றி எடுக்கிற வேலை. மெஷினுக்குள் கை இருக்கும்போது பேச்சு எதற்கு என்று பழகியவர், கை வெளியே வந்த பிறகும் அப்படியே இருந்துவிட்டார். சாப்பாடு எப்படி இருக்கிறது என்றால் ம். அடுத்த வீட்டில் சண்டை என்றால் ம். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தபோதும், பையன் எப்படி என்று எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் குடித்துவிட்டு “ம்” என்றார். அதை நம்பித்தான் நான் கழுத்தை நீட்டினேன். பிழைத்துக்கொண்டேன், அது வேறு விஷயம்.

“நீ ஒரு சுவரைக் கட்டிக்கிட்டிருக்கலாம்க்கா,” என்று நான் சொல்வதுண்டு. “சுவர்ல பேசினா எதிரொலியாவது வரும்.”

அக்கா சிரிப்பாள். பிறகு கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருப்பாள். ஒரு தடவை மட்டும், “நான் சொல்றது எதுவும் அவருக்குப் போய்ச் சேருதான்னே தெரியலடி,” என்றாள். சொல்லிவிட்டு உடனே ஷாம்புக்காரரின் ஆர்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

காலையில் அவளைக் கடையில் இறக்கிவிடுவது மாமாதான். ஸ்கூட்டரில் அக்கா பின்னால் உட்கார்ந்து, இடது கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது கையை அவர் முதுகில் வைத்துக்கொள்வாள். அந்தக் கை சும்மா இருக்காது. அன்றைக்கு அடிக்க வேண்டிய லேபிள்களை வாயால் முணுமுணுத்துக்கொண்டே வருவாள். “டிகிரி, மைக்ரோ, டிகிரி, அரை…” கை அவர் முதுகில் தட்டிக்கொண்டே வரும். நடுநடுவே கதை. “நேத்து அந்த ஜாம்காரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? பிளஸ்-மைனஸ். எழுத்து சின்னதா இருக்காம். மைக்ரோ.” ம், ம் என்று வண்டி ஓடும். கடை வாசலில் இறங்கியதும் முதுகில் கடைசியாக ஒரு தட்டு, பஸ் கண்டக்டர் ரைட் கொடுப்பது மாதிரி. அதன் பிறகுதான் வண்டி நகரும். ஷட்டரைத் தூக்கிக்கொண்டு நான் இதைத் தினமும் பார்ப்பேன். பாவம் அந்த முதுகு என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி இருக்கையில்தான் அக்கா படியிலிருந்து விழுந்தாள். எப்படி விழுந்தாள் என்று கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கடைக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க வேண்டிய கை, கைப்பிடியில் µ தட்டிக்கொண்டிருந்தது. கால் வழுக்கியபோது பிடிக்க ஆள் இல்லை. வலது கை மணிக்கட்டு விட்டுப்போய், இரண்டு விரல்கள் நசுங்கி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மாவுக்கட்டு.

“ஒரு கை போனா இன்னொரு கை,” என்று வீராப்பாகத்தான் மறுநாளே ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்தாள். ஆனால் வந்த நேரம் சரியில்லை. ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் பாட்டில்காரர் என்போம். அவருடைய ஆர்டர் அந்த வாரம். அமிலமும் உப்பும் திரவமும் அளவுக் குழாயுமாக, குறி இல்லாத லேபிள் ஒன்றுகூடக் கிடையாது. எழுத்தை நான் அடித்துவிட்டேன். குறி வர வேண்டிய இடத்தையெல்லாம் காலியாக விட்டிருந்தேன். திரையைப் பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

முதலாளியம்மா கெட்டவர் இல்லை. ஆனால் முன் அறைப் பெஞ்சில் அதற்கு முந்தைய நாளே ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். புது இயந்திரம் விற்கிறவர். இயந்திரத்தோடு அதை ஓட்ட ஆளையும் அவர்களே அனுப்புவார்களாம்.

“பாட்டில்காரருக்குத் திங்கக்கிழமை சரக்கு போயாகணும் டக்கு,” என்றார் முதலாளியம்மா. “போகலைன்னா அவர் வேற கடைக்குப் போயிடுவார். அதுக்கு முன்னாடி நான் அந்த மெஷினை எடுத்துத்தான் ஆகணும். எனக்கும் வேற வழி தெரியல.”

அவர் முன் அறைக்குப் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என் நாற்காலியில இன்னொருத்தர் உக்காந்துட்டா அப்புறம் நான் எங்கடி உக்காருவேன்?”

அவள் விரல்களை இறுக்கிப் பிடித்தேன். ஆனாலும் என் வாய் என் வாய்தானே. “நம்பரைக் கொஞ்சம் தெரிஞ்சு வச்சிருந்தா இந்தக் கதி வருமா?” என்று எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை முழுக்கப் போராடினோம். இணையத்தில் பார்த்து டிகிரிக்கான எண்ணைத் தட்டினேன், ஒரு கேள்விக்குறி தலைகீழாக வந்து நின்றது. அரைக்கான எண்ணைத் தட்டினேன், தொப்பி போட்ட ஏதோ ஓர் எழுத்து வந்தது. கண்டபடி தட்டிப் பார்த்தேன், கத்தி, கூடாரம், கொக்கி என்று வந்ததே தவிர வேண்டியது வரவில்லை. அக்கா இடது கையால் முயன்றாள். இடது கைக்கு எதுவும் தெரியவில்லை, எல்லாம் இடவலமாகப் புரண்டு போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். பேசிக்கொண்டே தட்டினாள். கடைசியில் விசைப்பலகையைத் தள்ளிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே அழுதாள். அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. பேச்சு நின்ற அக்காவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது மாமா வாசலில் நின்றார். கையில் அவள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மாத்திரை அட்டை.

“மாத்திரை,” என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். மாமா “ம்” என்றார். எனக்கு வந்ததே கோபம்!

“வந்தது வந்தீங்க, இப்படித் திரும்பி உக்காருங்க மாமா,” என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். “தினமும் உங்க முதுகுலதானே தட்டுறா. அங்க தட்டினாலாவது அவளுக்கு ஞாபகம் வருதான்னு பார்ப்போம். சும்மா நிக்கிறதுக்கு அந்த உபகாரமாவது பண்ணுங்க.”

மாமா மறுபேச்சில்லாமல் திரும்பி உட்கார்ந்தார். சத்தம் கேட்டு முதலாளியம்மாவும் உள்ளே வந்துவிட்டார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே இடது கையை அவர் முதுகில் வைத்து, “டிகிரி,” என்று சொல்லி நாலு தட்டுத் தட்டினாள்.

“தப்பு,” என்றார் மாமா.

நாங்கள் மூவரும் அவர் பிடரியையே பார்த்தோம்.

“என்னங்க தப்பு?” என்றாள் அக்கா.

“டிகிரி அப்படி வராது. முதல்ல அடியில ஒரு தட்டு. அப்புறம் இடது ஓரம், கீழ. அப்புறம் மேல போய் நடுவுல. கடைசியா அதுக்கு வலது பக்கம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீ இப்ப தட்டினது கொஞ்சம் மைக்ரோ, கொஞ்சம் அரை,” என்றார்.

அக்கா ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு முன்னால் வந்து நின்றாள். முதலாளியம்மாதான் கேட்டார். “அது என்ன நம்பருங்க?”

“நம்பர் தெரியாதுங்க. இடம் தெரியும்.”

இடத்தை வைத்து எண்ணைக் கண்டுபிடித்து நானே தட்டியிருப்பேன். அதற்குள் மாமா எழுந்து போய்க் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். எண்கட்டத்தின்மேல் வலது கையை வைத்தார். பார்வை விசைப்பலகையில் இல்லை, எதிர்ச் சுவரில் இருந்தது. அவர் மெஷின் பார்ப்பது அப்படித்தான். அக்கா அவருக்கு இடது பக்கத்தில் போய் நின்று, நல்ல கையின் கட்டைவிரலால் ஆல்ட்டை அமுக்கினாள். மாமா நாலு தட்டுத் தட்டினார். அக்கா விரலை எடுத்தாள்.

ஒன்றும் வரவில்லை. முதலாளியம்மா பெருமூச்சு விட்டார்.

“அந்த விளக்கு எரியல பாருங்க,” என்றாள் அக்கா. எண்கட்டத்துக்கு மேலே இருக்கும் குட்டி விளக்கைச் சொன்னாள். அது எரியாவிட்டால் என்ன தட்டினாலும் எண் விழாது. நான் கண்டபடி தட்டியபோது அணைத்துத் தொலைத்திருக்கிறேன். அதைப் போட்டேன். மாமா மறுபடி தட்டினார்.

°

குண்டுமணி அளவு வட்டம். நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

எப்படி வந்தது இதெல்லாம் என்று அப்போது கேட்க நேரமில்லை, பிறகு யோசித்தால் இதில் மாயமும் இல்லை. ஸ்கூட்டரில் இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்காருகிறவர்கள், அவளுக்கு இடது என்றால் அவருக்கும் இடது. வாயால் குறியின் பெயர், விரலால் அதன் வழி, தினமும் காலையில், வெயிலிலும் மழையிலும். ஜாம்காரம்மா கதைக்கு நடுவில் எது கதை, எது மைக்ரோ என்று அந்த மனிதர் பிரித்து வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் ம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வேலை ஓட ஆரம்பித்தது. அக்கா குறியைச் சொல்வாள், ஆல்ட்டை அமுக்குவாள், மாமா தட்டுவார். அவர் விரலைத் தூக்கினால் இவள் அமுக்குவாள், அவர் விரல் இறங்கி முடிந்தால் இவள் விடுவாள். ஆளுக்கொரு கையாக ஒரே ஆள் அடிப்பது போல இருந்தது. முதல் லேபிள் அமில பாட்டிலுக்கு. கடைசி டிகிரி விழுந்தது. “முடிஞ்சுது, அடுத்தது,” என்று நான் சொல்ல வாயெடுக்கும்போது மாமா மறுபடி விரலைத் தூக்கினார். அக்காவும் பழக்கத்தில் ஆல்ட்டை அமுக்கிவிட்டாள். மாமா ஒரே ஒரு தட்டுத் தட்ட, அவள் விரலை எடுத்தாள்.

திரையில் இப்படி இருந்தது:

எச்சரிக்கை. தொட்டால் தோல் வெந்துவிடும். 25°-க்கு மேல் வைக்கக் கூடாது. ♥

முதலாளியம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். “அமில பாட்டில்ல இதயம் எதுக்குங்க?”

மாமா திரையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை.

“முடிஞ்சா இதைப் போடணும்னு நினைச்சேங்க. தினமும் காலையில கடை வாசல்ல இறங்கினதும் கடைசியா இதைத்தான் தட்டுவா. கீழ, வலது ஓரம், ஒரு தட்டு. என்னன்னு கேட்டதில்ல. ஆனா அது விழாம நான் வண்டியை எடுத்ததே இல்ல.”

கேக் டப்பாவுக்கு அக்கா போடும் ♥ எனக்குத் தெரியும். மற்றக் குறிக்கெல்லாம் நாலு தட்டு, அதற்கு மட்டும் ஒன்று. கண்டக்டர் ரைட் கொடுக்கிறாள் என்று அவ்வளவு நாளும் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்த என்னைச் சொல்ல வேண்டும். ஊர்க்கதை, தெருக்கதை, ஜாம்கதை எல்லாம் வாயால் சொன்னவள் இதை மட்டும் வாயால் சொன்னதில்லை. சொல்லியும் என்ன பயன், ம் என்பார் என்று நினைத்திருப்பாள். கழுத்தெல்லாம் சிவந்து, விசைப்பலகை மேலிருந்து கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள் அக்கா.

“அழிச்சுடுங்க,” என்றாள் மெதுவாக.

“அழிக்கணுமா?” என்றார் மாமா.

“பாட்டில்காரர் சிரிப்பாருங்க.”

மாமா கையைக் கட்டிக்கொண்டார். அழிக்கும் விசையை அவர் தொடவில்லை. அக்காவும் தொடவில்லை. முதலாளியம்மா முன் அறையில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார். வேறு வழியில்லாமல் நான்தான் குறுக்கே கையை நீட்டி அழித்தேன். அதற்குப் பிறகு லேபிளுக்கு லேபிள் கடைசிக் குறி விழுந்ததும் மாமாவின் விரல் ஒருமுறை மேலே போய், தட்டாமல் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சரக்குப் போயிற்று. பாட்டில்காரர் குறை ஒன்றும் சொல்லவில்லை. புது இயந்திரக்காரரிடம் முதலாளியம்மா, “இப்போதைக்கு வேணாங்க, எங்க டக்கு இருக்கா,” என்று சொன்னதைப் பின் அறையிலிருந்து நாங்கள் இருவரும் கேட்டோம். அக்கா தன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போது, கட்டுப் போட்ட பிறகு முதல் தடவையாக ஸ்கூட்டர் வந்து நின்றது. அக்கா மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள். வழக்கம்போல் அவர் முதுகுக்குக் கை போக வேண்டிய நேரம். கை மாவுக்கட்டுக்குள் கிடந்தது. மாமா வண்டியை எடுக்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

மாமா திரும்பி, அக்காவின் மாவுக்கட்டில் கீழே, வலது ஓரமாக, ஒரு விரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

“ம்,” என்றாள் அக்கா.